இழந்த நாள் கூலியும் நாட்டு அணியின் கடற்பயணமும்: ஓர் ஆலை நகரப் பார்வை

நாட்டு அணி ஒன்று கடல் கடந்து ஆடிவிட்டு வந்தால் அதன் வரலாற்றை வெற்றி தோல்விகளாலும் கோல் கணக்காலும் எழுதிவைப்பது நம் வழக்கம். போனவர் அந்த மாதங்களில் சம்பளம் வாங்கினாரா, வாங்கினார் என்றால் யார் கொடுத்தது, வாங்கவில்லை என்றால் வீட்டில் உலை எப்படிக் கொதித்தது என்பவை பெரும்பாலும் கேட்கப்படாத கேள்விகள். இக்கட்டுரையின் வாதம் அந்தக் கேள்விகளிலிருந்தே கிளம்புகிறது. நாட்டின் பெயரால் ஆடப் போகிறவர் யார் என்பதைத் திறமை முதலில் முடிவு செய்வதில்லை. ஆடப்போகும் நாள்களில் போய்விடும் கூலியை யார் ஏற்கிறார் என்பது முதலில் முடிவாகிறது. அந்த வாசலைக் கடந்தவர்களுக்குள்தான் திறமை பார்க்கப்படுகிறது.

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இருந்து பார்க்கும்போது இது கூடுதல் தெளிவோடு தெரிகிறது. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-இல் ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். அதற்குப் பின் வந்த ஆலைகளோடு ஊரின் பொழுதே ஷிப்டுக்குக் கட்டுப்பட்டதாகிவிட்டது. பக்கத்துச் சத்திரப்பட்டியில் விசைத்தறிகள் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணியை நெய்கின்றன. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் கைத்தறியும் பால்கோவாவும். பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் கபடி ஆடுகிற பையன் ஃபுல் நைட் முடித்து வந்தவனாக இருக்கலாம், மறுநாள் தறியில் நிற்க வேண்டியவனாகவும் இருக்கலாம். இப்படிப்பட்ட ஊர்க்காரருக்கு வெளியூர் ஆட்டம் என்பதே ஒரு கூலிக் கணக்கு. வெளிநாட்டு ஆட்டம் அதன் நீண்ட வடிவம்.

இந்தக் கணக்கை ஒளிக்காமல் மேசைமேல் வைத்த ஆட்டம் ரக்பி லீக். தமிழ்நாட்டில் அது அதிகம் அறியப்படாதது. கபடி தெரிந்தவருக்கு அதன் உயிர்நாடி எளிதில் பிடிபடும்: ஒருவர் பந்தோடு எதிரணிக்குள் பாய்கிறார், எதிரணியினர் அவரைக் கட்டிப்பிடித்து மண்ணில் சாய்க்கிறார்கள். அணிக்கு 13 பேர். வடக்கு இங்கிலாந்தின் பஞ்சாலை, கம்பளி ஆலை, நிலக்கரிச் சுரங்க ஊர்களில் பிறந்த ஆட்டம் அது. அங்கே சனிக்கிழமையும் வேலை நாள். ஆலைத் தொழிலாளி சனிக்கிழமை ஆடப் போனால் அன்றைய கூலி போயிற்று. அந்தக் கூலியை அவர் ஆடும் மன்றமே (கிளப்) ஈடு செய்யலாம் என்று யார்க்ஷயர்க்காரர்கள் 1893-இல் ரக்பி ஒன்றியத்தில் தீர்மானம் கொண்டுவந்தார்கள். 282-க்கு 136 என்ற வாக்கில் அது தோற்றது. பணம் வாங்கினால் ஆட்டத்தின் தூய்மை கெடும் என்பது எதிர்த்தவர்களின் வாதம். கூலியை நம்பிப் பிழைக்கத் தேவையில்லாதவர்கள் அதைச் சொன்னார்கள் என்பதை மறக்கக் கூடாது. 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டு நகரின் ஜார்ஜ் ஹோட்டலில் வடக்கத்தி மன்றங்கள் கூடித் தனி ஒன்றியம் கண்டன. ரக்பி லீக் அதிலிருந்து வளர்ந்ததே. இழந்த நாளுக்கு 6 ஷில்லிங் வரை ஈடு என்று விதித்தன. ஆட்டக்காரருக்குச் சம்பளமே கொடுக்கலாம் என்று 1898-இல் ஏற்றபோதும், அவர் வேறொரு வேலையில் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனையை வைத்தார்கள்.

வார ஆட்டத்துக்கு 6 ஷில்லிங் போதும். மாதக்கணக்கான கடற்பயணத்துக்கு? நியூசிலாந்தின் ரக்பி யூனியன் (பழைய ஒன்றியத்தின் ஆட்டம்) அணி 1905-06-இல் பிரிட்டன் போனபோது அரங்குகள் நிரம்பின, பணம் கொட்டியது. ஆட்டக்காரருக்குக் கிடைத்தது நாளுக்கு 3 ஷில்லிங் கைச்செலவு. இதைக் கவனித்தவர் ஆல்பர்ட் பாஸ்கர்வில் என்ற வெலிங்டன் அஞ்சலக எழுத்தர். ரக்பி ஆட்ட நுணுக்கம் பற்றி 1907-இல் நூல் எழுதி வெளியிட்டவர் அவர். வடக்கு இங்கிலாந்தின் ஒன்றியத்துக்கு எழுதிக்கேட்டு, ஒரு பயணத்தை அவரே கட்டியமைத்தார். ஒவ்வொருவரும் 50 பவுண்டு போடுவது, வரும் லாபத்தைப் பிரித்துக்கொள்வது என்று ஏற்பாடு. சிட்னி ஆட்டக்காரர் டாலி மெஸெஞ்சரும் சேர்ந்துகொண்டார். பணத்துக்கு ஆடுகிறவர்கள் என்று இழித்துச் சொல்ல ஆஸ்திரேலியப் பத்திரிகைகள் அவர்களுக்கு ‘ஆல் கோல்ட்ஸ்’ என்று பெயர் வைத்தன. போகும் வழியில் கொழும்பிலும் இறங்கி ஆடினார்கள். இங்கிலாந்தில் ஆடவேண்டிய புதிய விதிகளை அங்கே போய்த்தான் கற்றார்கள். ஆனாலும் டெஸ்ட் தொடரை 2-1 என்று வென்றார்கள். ஒரு நாட்டு அணியின் முதல் ரக்பி லீக் பயணம் இப்படி, ஆட்டக்காரர்களே பங்குதாரர்களாக இருந்த ஒரு கூட்டு முயற்சியாக நடந்தது.

பாஸ்கர்வில் ஊர் திரும்பவில்லை. வீடு நோக்கிய வழியில், 1908 மே மாதம், பிரிஸ்பேனில் நுரையீரல் அழற்சி கண்டு இறந்தார். வயது 25. ஜூன் 13 அன்று வெலிங்டனில் அவருடைய தாய்க்கு நிதி திரட்ட ஓர் ஆட்டம் நடந்தது. நியூசிலாந்து மண்ணில் ஆடப்பட்ட முதல் ரக்பி லீக் ஆட்டம் அதுதான். ஒரு விளையாட்டு ஒரு நாட்டில் கால்வைத்ததே, வருமானம் நின்றுபோன ஒரு குடும்பத்துக்காக என்பதை இந்த ஆய்வின் மையச் சான்றாகக் கொள்கிறேன்.

எனினும் அந்தப் பயணத்தை முழு நீதியாகக் காட்ட முடியாது. 50 பவுண்டு அக்காலத்தில் சிறு தொகையல்ல. சேமிப்போ கடன் தர ஆளோ இல்லாதவர் அந்த அணியில் சேர வழியில்லை. பங்கு முறை, வருமானத்தை ஆட்டக்காரரின் கைக்குக் கொண்டுவந்தது. வாசலில் நிற்கும் காவலை அது அகற்றவில்லை.

இந்தியாவில் அதே கேள்விக்கு வேறு விடை கிடைத்தது. இங்கே இழந்த கூலி விதியாக எழுதப்படவில்லை. அது முதலாளியின், அரசரின், படைப்பிரிவின் தயவுக்குள் மறைந்துகொண்டது. 1926-இல் இந்திய ராணுவ ஹாக்கி அணி நியூசிலாந்து போய் 21 ஆட்டங்களில் 18-ஐ வென்றது. அந்த அணியில் இருந்த தியான் சந்த் அப்போது சிப்பாய். படைவீரருக்குப் பயணமும் பணியில் சேரும், ஆகவே கூலிக் கேள்வி எழவில்லை. ஆனால் தயவுக்கு மறுபக்கம் உண்டு. 1932 ஒலிம்பிக்குக்கு முந்தைய மாகாணப் போட்டியில் ஆட அதே தியான் சந்துக்கு அவருடைய படைப்பிரிவு விடுப்புத் தரவில்லை. அவர் அந்நேரம் உலகறிந்த ஆட்டக்காரர் என்பதால் போட்டியில் ஆடாமலே அணியில் சேர்க்கப்பட்டார். உலகறியாத ஒருவருக்கு அதே மறுப்பு வந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

ஜெய்பால் சிங்கின் நிகழ்வு இன்னும் கூர்மையானது. ஆக்ஸ்ஃபோர்டில் ஐ.சி.எஸ். பயிற்சியில் இருந்த அவர் 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்திய ஹாக்கி அணிக்குத் தலைவர். விடுப்புக் கேட்டார், கிடைக்கவில்லை. மீறிப் போனார். பிறகு ஐ.சி.எஸ். பணியையே விட்டார். நாட்டு அணியின் தலைவருக்கே லீவு லெட்டர் ஒரு வாழ்க்கைத் திருப்பமாகிவிட்டது. சோட்டா நாக்பூரின் முண்டா குடும்பத்தில் பிறந்து அவ்வளவு தூரம் வந்த ஒருவர் எதை விட்டுக்கொடுத்தார் என்பதை நம் விளையாட்டு நூல்கள் ஓரிரு வரியில் கடந்துபோவது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

தமிழ்நாட்டில் இதற்கு நெருங்கிய சான்று, கிரிக்கெட்டும் ஹாக்கியும் ஆடிய எம்.ஜே. கோபாலன். செங்கல்பட்டு மாவட்டத்தில் பிறந்து திருவல்லிக்கேணியில் வளர்ந்தவர். 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை வீசியவர். 1935-இல் தியான் சந்த் தலைமையில் நியூசிலாந்தும் ஆஸ்திரேலியாவும் போன ஹாக்கி அணியில் இருந்தார். அந்தப் பயணத்தில் அணி 48 ஆட்டங்கள் ஆடியது. அடுத்த ஆண்டு பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கி அணியில் இடம் கிடைக்கவிருந்த நிலையில், விஜயநகரம் இளவரசர் தலைமையில் இங்கிலாந்து புறப்பட்ட கிரிக்கெட் அணியோடு போனார். ஹாக்கி அணி தங்கம் வென்றது. கோபாலனுக்கு இங்கிலாந்தில் ஒரு டெஸ்ட்கூடக் கிடைக்கவில்லை. வழக்கமாக இதைத் தவறான தேர்வின் கதையாகச் சொல்வார்கள்.

எனக்கு அந்தத் தேர்வைவிட, தேர்வு செய்யும் நிலையில் அவர் இருந்தார் என்பது முக்கியமாகப் படுகிறது. சென்னை கிரிக்கெட்டின் ஆங்கிலேய முன்னோடி சி.பி. ஜான்ஸ்டன் அவருடைய திறமையைக் கண்டு பர்மா ஷெல் கம்பெனியில் வேலை வாங்கிக்கொடுத்தார். அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் இரண்டு நெடும் பயணங்கள் போய்விட்டு வேலைக்குத் திரும்ப முடிந்த தமிழர் அன்று எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அந்த 1936-இலேயே ராஜபாளையத்தில் தொடங்கிய மில்லை நினைத்துப் பார்க்கலாம். கோபாலனைப் போல் வேகமாகப் பந்து வீசும் ஒருவர் அங்கே நூற்புப் பிரிவில் நின்றிருந்தாலும் கப்பலில் அவருக்கு இடமில்லை. கண்டெடுக்க ஒரு ஜான்ஸ்டன் வேண்டும், காத்திருக்க ஒரு கம்பெனி வேண்டும்.

சட்டம் இதை எவ்வளவு மாற்றியது என்று பார்க்கலாம். 1948 தொழிற்சாலைச் சட்டம், ஆண்டில் 240 நாள் வேலை செய்தவருக்கு 20 நாளுக்கு 1 நாள் என்று சம்பளத்தோடு கூடிய விடுப்பு தந்தது. 240 நாளுக்கு அது 12 நாள். பெரிய உரிமைதான், போராடிப் பெற்றதுதான். ஆனால் பயிற்சி முகாம், மாநிலப் போட்டி, தேசியப் போட்டி, அதன்பின் வெளிநாடு என்று போகும் வரிசையில் 12 நாள் முதல் படிக்கே போதாது. அதுவும் நிரந்தரத் தொழிலாளிக்கு. பதிலியாக வேலை பார்ப்பவருக்கும், மீட்டர் கணக்கில் கூலி வாங்கும் விசைத்தறிக்காரருக்கும் வராத நாள் கூலியில்லாத நாள்.

விடுதலைக்குப் பின் ரயில்வே, முப்படை, காவல் துறை, வங்கி ஆகியவை இந்தப் பள்ளத்தை ஓரளவு நிரப்பின. தேசியக் கபடியில் ரயில்வேயும் படைகளும் மாநிலங்களுக்கு இணையான தனி அணிகளாக ஆடுவது இதன் விளைவு. தமிழ்நாடு அரசு இன்று விளையாட்டு வீரர்களுக்கு வேலையில் 3 விழுக்காடு இடம் ஒதுக்குகிறது. இவற்றைக் குறைத்துச் சொல்வது நியாயமில்லை. பல நூறு குடும்பங்கள் இதனால் நிமிர்ந்திருக்கின்றன. குறை வேறிடத்தில் இருக்கிறது: இந்த வேலை பதக்கத்துக்குப் பிறகு வருவது. பதக்கத்துக்கு முந்தைய 4, 5 ஆண்டுகளின் இழப்பை அப்பனும் அம்மாவும், அல்லது கூடப் பிறந்து படிப்பை நிறுத்திய அக்காவும் சுமக்கிறார்கள். ஹடர்ஸ்ஃபீல்டு விதி நேர் எதிரானது. பெரிய ஆட்டக்காரரா என்று கேட்காமல், அன்றைக்கு ஆடினாயா, கூலி போயிற்றா என்று மட்டும் கேட்டது அது.

எனவே மாவட்ட அளவிலேயே, தேர்வுப் போட்டிக்கு வரும் தொழிலாளிக்கும் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கும் அன்றைய கூலியை ஈடு செய்யும் நிதி வேண்டும் என்பது இந்த ஆய்விலிருந்து நேராக எழும் கோரிக்கை. இவ்வூர்கள் அடங்கிய விருதுநகர் மாவட்டம் போல ஆலைகளும் பட்டாசு, அச்சுத் தொழில்களும் நிறைந்த இடத்தில், தொழிற்சங்கமும் ஆலை நிர்வாகமும் விளையாட்டு ஆணையமும் ஒரே மேசையில் அமர்ந்து தீர்க்கக்கூடிய காரியம் இது. ஆட்டப்பற்று கெட்டுவிடும் என்ற மறுப்பு இங்கும் வரும். பர்மா ஷெல் சம்பளம் கோபாலனின் ஆட்டப்பற்றைக் கெடுத்ததாக இதுவரை யாரும் சொன்னதில்லை.

ஆய்வாளருக்கும் இதில் வேலை இருக்கிறது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தின் பழைய மஸ்டர் ரோல்கள், சம்பளப் பதிவேடுகள், சங்க அலுவலகங்களின் விடுப்பு மனுக்கள் ஆகியவை எடைக்குப் போகும் முன் படிக்கப்பட வேண்டும். மாநில அணி வரை போய்த் திரும்பிய முதியவர்கள் இருக்கும்போதே அவர்களிடம் உட்கார்ந்து பேச வேண்டும். எத்தனை புள்ளி எடுத்தீர்கள் என்று கேட்பதற்கு முன், எத்தனை நாள் லீவு கேட்டீர்கள், எத்தனை நாள் சம்பளம் பிடித்தார்கள், அந்த மாதம் வீட்டு வாடகையை யார் கொடுத்தார் என்று கேட்க வேண்டும்.