வீட்டார் துணை நில்லாத காலம்

“கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்” என்பது யாழ்ப்பாணத்துப் பழமொழி. பத்திரிகை வேலைக்குப் போகப் போகிறேன் என்று நான் வீட்டில் சொன்ன நாளில் என் தந்தையார் சொன்னதும் இதுதான். அவர் கோபிக்கவில்லை, தடுக்கவுமில்லை. ஆனால் அதன்பின் என் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்டதில்லை. அந்த மௌனத்தின் கனம் அறிந்தவன் என்பதாலோ என்னவோ, புளோரன்ஸ் நைற்றிங்கேலின் வரலாற்றில் போர்க்களத்தைவிட அவரது வீடே என்னை அதிகம் ஈர்த்தது.

விளக்கேந்திய சீமாட்டி என்று பள்ளிக்கூடத்தில் அவரைப் படித்திருக்கிறோம். அந்த விளக்கை ஏந்துமுன் சொந்த வீட்டில் அவர் கழித்த ஆண்டுகள் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

1820இல் செல்வந்த ஆங்கிலக் குடும்பமொன்றில் பிறந்தவர் அவர். 1845இல், சலிஸ்பரி வைத்தியசாலையில் சில மாதங்கள் பயிற்சி பெற அனுமதி கேட்டார். பெற்றோர் மறுத்தனர், தமக்கை பார்த்தனோப்பும் கடுமையாக எதிர்த்தார். அவர்களைக் கொடியவர்கள் என்று சொல்லிவிட முடியாது. அன்றைய இங்கிலாந்தில் தாதி வேலை குடிப்பழக்கத்துக்கும் ஒழுக்கக்கேட்டுக்கும் பெயர்போனதாக இருந்தது. மகள்மீது கொண்ட அன்பே மகளின் வழியை மறித்து நின்றது.

அவர் வீட்டைவிட்டு ஓடவில்லை, ஆசையைக் கைவிடவுமில்லை. விடியுமுன் எழுந்து, மெழுகுதிரி வெளிச்சத்தில் வைத்தியசாலை அறிக்கைகளையும் பொதுச்சுகாதார அறிக்கைகளையும் படித்துக் குறிப்பெடுத்தார். பொழுது விடிந்ததும் அடக்கமான மகளாகக் காலை உணவு மேசைக்கு வந்தார். வீட்டில் கிடைக்காத துணையை வெளியே தேடிக்கொண்டார். ரோம் நகரில் அறிமுகமான அரசியல்வாதி சிட்னி ஹேர்பேட் அத்தகைய நண்பர்களுள் ஒருவர். 1851இல் ஜேர்மனியின் கைசர்ஸ்வேர்த்தில் மூன்று மாதங்கள் பயிற்சி பெற்றார். 1853இல் இலண்டனில் சிறிய மருத்துவமனையொன்றின் பொறுப்பைச் சம்பளமின்றி ஏற்றபோது, தந்தையார் ஆண்டுக்கு 500 பவுண் வழங்க முன்வந்தார். முதலில் அவர் கேட்ட நாளிலிருந்து எட்டு ஆண்டுகள் கழிந்திருந்தன.

1854இல் கிரிமியப் போரில் காயமுற்றோர் படும் அவலத்தை ‘ரைம்ஸ்’ பத்திரிகை அம்பலப்படுத்தியது. அப்போது போர்த்துறைச் செயலாளராக இருந்தவர் அதே ஹேர்பேட். அவரது அழைப்பை ஏற்று, ஒக்டோபர் 21ஆம் திகதி 38 தாதியருடன் புறப்பட்டார் நைற்றிங்கேல். நாடே போற்றியபோது, எதிர்த்து நின்ற தமக்கையும் தங்கைக்காகக் கடிதங்களுக்குப் பதிலெழுதும் பணியில் இறங்கினார்.

கதையை இங்கே முடித்தால் இனிமையாக இருக்கும். ஆனால் வரலாறு அவ்வளவு இனிமையானதன்று. அவரது மாமி மேரி ஸ்மித், சொந்தக் குடும்பத்தைப் பிரிந்து கிரிமியப் போர்க் காலத்திலும் பின்னர் இலண்டனிலும் அவருக்கு உற்ற துணையாக இருந்தவர். 1860இல் அவர் தம் குடும்பத்திடம் திரும்பிச் சென்றார். நைற்றிங்கேல் அதைத் துரோகமாகவே கருதினார். ஏறத்தாழ 20 ஆண்டுகள் அந்த உறவு அறுந்து கிடந்தது. துணை மறுக்கப்பட்டவர், துணை நின்று களைத்தவரை மன்னிக்க மறந்தார்.

முதுமையில் அவரும் கனிந்தார். 1874இல் தந்தை மறைந்த பின்னர், 1880இல் தாய் கண்மூடும்வரை அவரைப் பேணுவதில் பங்கேற்றார். மாமியுடனும் உறவு மீண்டது. நோயுற்ற தமக்கைக்கும் ஆதரவாக இருந்தார்.

வீட்டாரின் ஆசி வரும்வரை நம் ஆயத்தத்தை நிறுத்தி வைக்கத் தேவையில்லை. நைற்றிங்கேலின் மெழுகுதிரி சொல்லும் பாடம் அது. அவரது மாமியின் கதை சொல்லும் பாடம் அதைவிடக் கடினமானது: பட்ட காயத்தை அடுத்தவருக்குக் கையளிக்காதிருக்க வேண்டும்.

அண்மையில் என் மகள், தான் படித்த துறையை விட்டு வேறு வழியில் போகப் போவதாகச் சொன்னாள். என் வாயில் முதலில் வந்தது அந்தக் கோழிப் பழமொழிதான். பாதியில் நிறுத்திக்கொண்டேன். “என்ன வேலை, விளக்கமாகச் சொல்லு பிள்ளை” என்று கேட்டேன். என் தந்தையாரிடமிருந்து நான் கேட்க விரும்பிய கேள்வியும் அதுதான்.