நூலும் தறியும்

ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட 'மத்தியகாலச் சிங்களக் கலை', பாயையும் பானையையும் சுண்ணாம்புக் கரண்டகத்தையும் கலையென மதித்த நூலாகும். இயந்திரச் சரக்கை எதிர்த்த வில்லியம் மொரிசின் கையச்சுப் பொறியிலேயே அதை அச்சிட்டார். வெளிவந்தவை 425 பிரதிகள்; அவற்றுள் ஒன்றேனும் கைவினைஞர் குடிசையை எட்டியிருக்குமா?

கண்டி நாடே அந்நூலின் எல்லை. கல்முனைக்கு வடக்கே, மருதமுனை முஸ்லிம் நெசவாளரின் சாரனில் கட்டத்தின் பாதி பாவோடும்போதே முடிவாகிவிடுகிறது. எத்தனை இழைக்கு ஒருமுறை நிறம் மாறவேண்டும் என்னும் கணக்கு அவர்தம் நினைவிலேயே கிடக்கிறது. 2004 டிசம்பர் 26இல் கடற்கோள் அவ்வூரில் தறிகளையும் மனிதரையும் வாரிச்சென்றது. கணக்கும் உடன் போயிற்று. எஞ்சியோரிடம் கேட்டு, எம் மாணவரின் அப்பியாசக் கொப்பிகளில் அதை எழுதிவருகிறோம்.