மில்லிமீட்டர் மரையும் அங்குலத் தலையும்

எம்.ஜி. டி.சி. என்னும் ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சினிலிருந்து ஒரு மரையாணியைக் கழற்றி மேசைமேல் வைத்தால், அது எந்த நாட்டுப் பிறப்பு என்று சொல்வது எளிதன்று. தண்டில் வெட்டப்பட்டிருக்கும் மரை மில்லிமீட்டர்க் கணக்கு: தடிமன் 8 மி.மீ., ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் இடைவெளி 1 மி.மீ. ஆனால் அதன் அறுகோணத் தலையில் 13 எண் ஸ்பேனர் ஏறாது. 14 எண் ஏறும், ஏறி ஆடும், இரண்டு முறை வலித்து இழுத்தால் மூலைகள் மழுங்கிவிடும். தலையின் அகலம் 0.525 அங்குலம், அதாவது ஏறத்தாழ 13.3 மி.மீ. பழைய ஆங்கிலேய விட்வொர்த் முறையில் கால் அங்குல ஆணிக்கு உரிய தலை அது. உடல் பிரெஞ்சு, தலை ஆங்கிலம்.

1945 முதல் 1949 வரை இங்கிலாந்தின் ஆபிங்டன் ஆலையில் சுமார் 10,000 டி.சி. கார்கள் செய்யப்பட்டன. ஆஷ் மரச் சட்டத்தின்மேல் தகடு போர்த்திய உடல், 1250 சி.சி. எஞ்சின், இரண்டு எஸ்.யூ. கார்புரேட்டர்கள். இன்று அவற்றைப் பழுதுபார்ப்போர் எல்லோருக்கும் முதல் வாரத்திலேயே காலில் இடறும் கல் இந்த மரையாணிதான். ஆங்கிலேயரின் கிறுக்குத்தனம் என்று சிரித்துவிட்டு நகர்வோரே பலர். எனக்கு அதில் கிறுக்குத்தனம் எதுவும் தெரியவில்லை. ஒரு போரும் ஒரு வணிகக் கணக்கும் சேர்ந்து எடுத்த முடிவு அது.

ஹாட்ச்கிஸ் என்பது பாரிஸை அடுத்த சான் தெனியில் இயங்கிய ஆயுத நிறுவனம். முதல் உலகப் போரில் ஜெர்மானியப் படை பாரிஸை நெருங்கியபோது, ஆலை பறிபோய்விடுமோ என்ற அச்சத்தில் இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் கிளை ஆலை ஒன்றை நிறுவி இயந்திரத் துப்பாக்கிகள் செய்தது. போர் முடிந்ததும் துப்பாக்கிக்கு ஆளில்லை. ஆலையும் கடைசல் இயந்திரங்களும் சும்மா கிடந்தன. அதே வேளையில் வில்லியம் மாரிஸ் தம் மலிவுவிலைக் காருக்கு எஞ்சின் தேடிக்கொண்டிருந்தார். முன்பு டெட்ராய்ட் நகரின் கான்டினென்டல் நிறுவனத்திடமிருந்து அவர் தருவித்துவந்த எஞ்சின் போரால் நின்றுபோயிருந்தது. அதே வடிவமைப்பில் கவன்ட்ரி ஹாட்ச்கிஸ் ஆலை எஞ்சின் செய்து தர முன்வந்தது. அங்கிருந்த இயந்திரங்கள் மில்லிமீட்டர் மரை வெட்டுபவை. அவற்றை மாற்றுவதற்குச் செலவு மிகுதி. எனவே மரை மில்லிமீட்டரிலேயே நின்றது. ஆனால் காரை வாங்குபவரின் கருவிப்பெட்டியிலும், ஊர்தோறும் இருந்த பட்டறைகளிலும் விட்வொர்த் ஸ்பேனர்களே இருந்தன. ஆகவே தலை மட்டும் விட்வொர்த் அளவில் அமைந்தது. 1923இல் மாரிஸ் அந்த ஆலையையே விலைக்கு வாங்கினார். வழக்கம் நிலைத்தது. 1955இல் டி வரிசைக் கார்களின் உற்பத்தி நிற்கும் வரை, ஒரு தலைமுறைக்கும் மேலாக, அது மாறவில்லை.

மொழியியல் படித்தவனுக்கு இது அந்நியமான செய்தி அன்று. 'கார்களை' என்று சொல்லும்போது நாம் செய்வதும் ஏறத்தாழ இதுவே. பகுதி வெளியிலிருந்து வந்தது. அதைப் பிடித்துத் திருப்புவதற்கான விகுதியும் உருபும் நம்முடையவை. உள்ளே போவதற்கு ஒரு முறை, வெளியே கைபடும் இடத்திற்கு வேறொரு முறை.

எஞ்சினின் அளவுகளைப் பார்த்தாலே இந்த வமிசம் தெரியும். டி.சி. எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 66.5 மி.மீ., பிஸ்டன் ஓடும் தொலைவு 90 மி.மீ. மில்லிமீட்டரில் சிந்தித்தவர் இட்ட எண்கள் இவை. டி வரிசைக்குப் பின் 1955இல் வெளிவந்த எம்.ஜி.ஏ.வை எடுத்துக்கொள்வோம்: விட்டம் 73.025, தொலைவு 88.9. இத்தகைய எண்ணை எவரும் மில்லிமீட்டரில் தேர்ந்தெடுக்கமாட்டார். அங்குலத்திற்கு மாற்றினால் முறையே 2⅞, 3½ என்று பளிச்சென்று வந்து நிற்கின்றன. 1952இல் மாரிஸ் குழுமமும் ஆஸ்டின் நிறுவனமும் ஒன்றானபின் ஆஸ்டின் வழியில் வந்த எஞ்சின் அது. பிரெஞ்சு இரத்தம் அதில் இல்லை.

இந்த 1489 சி.சி. எஞ்சினை இந்தியாவில் பலரும் கேட்டிருப்பர். எஞ்சின் என்று அறியாமல், ஓசையாக. கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் உருவான அம்பாசிடர் பல்லாண்டுகள் ஓடியது அதே குடும்பத்து எஞ்சினில்தான். அம்பாசிடரில் ஒரு கார்புரேட்டர், எம்.ஜி.ஏ.வில் இரண்டு, அழுத்த விகிதமும் கேம் வடிவமும் வேறு. ஆயினும் அம்பாசிடரைப் பிரித்துப் பூட்டிப் பழகிய கை எம்.ஜி.ஏ.வின் முன் திகைத்து நிற்பதில்லை. டி.சி.யின் முன்தான் திகைக்கிறது.

புனேயில் ஒரு பட்டறையில் அத்தகைய திகைப்பின் விளைவை நேரில் பார்த்தேன். அடித்தொட்டியைப் பிணைக்கும் ஆணிகளுள் ஒன்று எப்போதோ தொலைந்திருக்கிறது. முன்பு வேலை பார்த்தவர் கடையிலிருந்து 8 மி.மீ. ஆணி ஒன்றை வாங்கி முடுக்கியிருக்கிறார். இன்று கடையில் கிடைக்கும் 8 மி.மீ. ஆணியின் புரி இடைவெளி பொதுவாக 1.25 மி.மீ. முதல் இரண்டு சுற்று தாராளமாகப் போகும், பிறகு இறுகும். இறுகுவதைப் பொருந்துவதாக எண்ணி ஸ்பேனரில் குழாயைச் செருகி முறுக்கினால், எழுபது ஆண்டு பழைய வார்ப்பிரும்பில் இருந்த மரை பொடியாகிவிடும். அதுவே நடந்திருந்தது. ஆணி பிடித்திருந்தது, ஆனால் எதையும் பிடிக்கவில்லை.

இதைவிட நுட்பமான கண்ணி ஒன்றும் அதே காரில் உண்டு. மின்கருவிகளில் பி.ஏ. என்னும் வேறொரு மரை. இதன் சுழி எண் ஆணி 6 மி.மீ. தடிமன், 1 மி.மீ. இடைவெளி, காரின் மற்ற இடங்களில் வரும் 6 மி.மீ. ஆணிக்கும் அதே கணக்கு. வேறுபாடு புரியின் கோணத்தில் மட்டும்: இதற்கு 47½ பாகை, அதற்கு 60. ஒன்றின் இடத்தில் மற்றொன்று ஏறக்கூடும், இறுகியதுபோலவும் தோன்றும், ஆனால் உரிய பிடி இராது. அண்டை மொழிகளில் ஒரே ஒலியோடு வேறு பொருள் தரும் சொற்கள் மொழிபெயர்ப்பாளனைக் கவிழ்ப்பது இப்படித்தான்.

கோணம் என்றதும் விட்வொர்த்தைச் சொல்லாமல் விடக்கூடாது. அவர் 1841இல் முன்வைத்த முறை கற்பனையில் உதித்ததன்று. பல பட்டறைகளிலிருந்து ஆணிகளைத் திரட்டி, அளந்து, அவற்றின் சராசரியிலிருந்து 55 பாகையை எடுத்தார். வட்டார வழக்குகளைத் திரட்டிப் பொதுவழக்கு ஒன்றை வகுப்பது போன்ற வேலை. 1864இல் பிலடெல்பியாவில் வில்லியம் செல்லர்ஸ் அதை மறுத்து 60 பாகை போதும் என்றார். சாதாரணத் தொழிலாளி எளிதில் வெட்டலாம் என்பது அவர் வாதம். இரண்டாம் உலகப் போரில் நேசநாடுகளின் ஆணிகள் ஒன்றுக்கொன்று சேராமல் பட்ட பாட்டுக்குப் பின்பே, 1948இல் அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் பொது மரை ஒன்றுக்கு உடன்பட்டன. எம்.ஜி.ஏ. எஞ்சினில் பெரும்பாலும் அந்த மரைதான்.

மறுபடி புனே. கெட்டுப்போன துளையை என்ன செய்வது என்பதில் அங்கே இரு கட்சி. துளையைச் சற்றுப் பெரிதாக்கி இக்கால மரையையே வெட்டிவிட்டால் இனி ஆணிக்கு அலைய வேண்டாம் என்றார் உரிமையாளர். பட்டறைக்காரர் மறுத்தார். இன்று ஒரு துளையை மாற்றினால், தொட்டியில் ஒரேமாதிரி தோன்றும் ஆணிகளுள் ஒன்று மட்டும் வேறு சாதியாகிவிடும். பத்தாண்டு கழித்துத் திறப்பவர் ஆணிகளைக் கலந்துவிட்டால் அடுத்த துளையும் போகும் என்பது அவர் அச்சம். கம்பிச் சுருள் பதித்து, பழைய 1 மி.மீ. இடைவெளியையே மீட்க வேண்டும் என்றார். நான் பட்டறைக்காரர் பக்கம். பழமைப் பற்றினால் அன்று. அவர் கவலைப்பட்டது அந்தக் காரை இனித் தொடப்போகும், அவர் முகமறியாத ஒரு கையைப் பற்றி.

அவர் அளவுகளைச் 'சூத்' கணக்கில் சொன்னார். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு சூத். இந்தியில் நூல் என்று பொருள். நம் தச்சரும் கொத்தனாரும் அதே எட்டில் ஒன்றை 'நூல்' என்றே சொல்கின்றனர். எந்த மொழி எதனிடமிருந்து பெற்றது, அல்லது தச்சனின் மைக்கயிறு இரண்டுக்கும் தனித்தனியே தந்ததா என்பது விரிவாக ஆராயத் தக்கது. 0.525 அங்குலத் தலையை அவர் 'நாலு சூத்துக்குக் கொஞ்சம் மேல்' என்றார். கணக்கும் சரிதான்.

கம்பிச் சுருளுக்கான மரை வெட்டும் அச்சு வந்துசேர மூன்று வாரம் பிடித்தது. அதுவரை அந்தத் துளையில் ஒரு துணிச்சுருளும், அதன்மேல் 'இதில் எதையும் முடுக்காதே' என்று மராத்தியில் எழுதிய துண்டுச்சீட்டும் இருந்தன.