கம்பியில்லாக் கருவிகளின் துயிலும் விழிப்பும்

பேசுவதால் களைப்பு உண்டாகும், வாளா கேட்டுக்கொண்டிருப்பதில் என்ன செலவு என்றே நம்மிற் பலரும் எண்ணுகிறோம். கம்பியில்லாக் கருவிகளைப் பொறுத்தமட்டில் அவ்வெண்ணம் பொருந்தாது. வெளியினூடே வரும் மிக மெல்லிய அலையைப் பற்றி, அதனைப் பன்மடங்கு பெருக்கி, அதிலுள்ள செய்தியைப் பிரித்தறியும் வேலை முழுவதும் மின்சாரத்தாலேயே நடைபெறுகிறது. அழைப்பு வந்தாலும் வராவிட்டாலும் கருவியின் காது திறந்திருக்கும் வரை அச்செலவு நிற்பதில்லை. யாரும் பேசாமலேயே சட்டைப்பையில் கிடந்த கைபேசியின் பாட்டரி மாலைக்குள் இறங்கிவிடுகிறதே, அதற்குரிய காரணங்களுள் இதுவும் ஒன்று. எப்போது கேட்பது, எப்போது உறங்குவது என்னும் இச்சிக்கல் கைபேசியோடு பிறந்ததன்று. அதற்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு.

அவ்வரலாறு கடலில் தொடங்குகிறது. 1912 ஏப்ரல் 14ஆம் நாள் இரவு 11.40 மணிக்கு 'டைட்டானிக்' கப்பல் பனிப்பாறையில் மோதியது. அதற்கு வெகு தொலைவில் இல்லாத 'கலிபோர்னியன்' என்னும் கப்பல் பனிக்கட்டிகளால் வழி மறிக்கப்பட்டு நின்றுகொண்டிருந்தது. அதில் தந்தி இயக்குநர் ஒருவரே இருந்தார். சிரில் எவன்ஸ் என்பது அவர் பெயர். பகலெல்லாம் உழைத்த அவர், மோதல் நிகழ்வதற்குச் சில நிமிடங்கள் முன்புதான் கருவியை நிறுத்திவிட்டுப் படுக்கச் சென்றார். அவரைக் குறை கூறுவோர் உண்டு. நான் அவர்களோடு சேரமாட்டேன். ஒரே மனிதன் பகலும் இரவும் காது கொடுத்திருத்தல் இயலுமா? அபாயக் குறியைக் கேட்டு விரைந்து வந்தது 'கார்பேத்தியா' என்னும் கப்பல். அதன் இயக்குநர் ஹரால்டு காட்டமும் அவ்வேளையில் படுக்கைக்கு ஆயத்தமாகிக்கொண்டுதான் இருந்தார். காதிலிருந்து கேள்குழாயை இன்னும் கழற்றாமையால் செய்தி கிட்டியது. ஏறத்தாழ 700 பேர் உயிர் பிழைத்தனர்; ஏறத்தாழ 1,500 பேர் மாண்டனர்.

கப்பலில் மின்சாரத்துக்குப் பஞ்சமில்லை. அங்கே தீர்ந்துபோனது மனிதனின் விழிப்பு. ஆயினும் கணக்கு ஒன்றே. 1914ஆம் ஆண்டு இலண்டனில் கூடிய நாடுகள், பெரிய பயணிகள் கப்பல்கள் இடையறாது செவிசாய்த்திருத்தல் வேண்டும் என்று உடன்படிக்கை செய்தன. இடையறாமல் கேட்பதற்கு இரண்டு மூன்று பேரை அமர்த்தவேண்டும்; சிறு கப்பல்கள் அச்செலவைத் தாங்கா. ஆகவே இரண்டு உபாயங்கள் வழக்கத்திற்கு வந்தன.

முதலாவது, மௌன நேரம். ஒவ்வொரு மணியிலும் 15ஆம் நிமிடத்திலிருந்தும் 45ஆம் நிமிடத்திலிருந்தும் மும்மூன்று நிமிடங்கள் 500 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் எவரும் சாதாரணச் செய்தி அனுப்பலாகாது. எல்லோரும் காது கொடுக்க வேண்டும். தந்தி அறைக் கடிகாரத்தின் முகத்தில் அந்நிமிடங்கள் சிவப்பு வண்ணத்தால் தீட்டப்பட்டிருந்தன. இரண்டாவது, தானே மணியடிக்கும் எச்சரிக்கைக் கருவி. ஆபத்திலுள்ள கப்பல், ஒவ்வொன்றும் 4 விநாடி நீளமுள்ள 12 கோடுகளை, ஒரு விநாடி இடைவெளி விட்டு அனுப்பும். எந்திரம் அவற்றில் சிலவற்றைத் தொடர்ச்சியாக எண்ணி உறுதி செய்துகொண்ட பின்னரே மணியடித்து இயக்குநரை எழுப்பும். ஏன் எண்ண வேண்டும்? இடி மின்னலின் இரைச்சலும் சில வேளைகளில் கோடு போலவே ஒலிக்கும். நள்ளிரவில் பலமுறை வீணாக எழுப்பப்பட்டவன் பிறகு மணியை நம்பமாட்டான். எழுப்பாமல் விட்டாலோ உயிர்கள் போகும்.

கரையில் இதே சிக்கல் 'பேஜர்' என்னும் சிறு அழைப்புக் கருவியோடு வந்து சேர்ந்தது. அதற்குள் இருந்ததோ ஒரு சிறு பாட்டரி. 1970களின் பிற்பகுதியில் பிரிட்டிஷ் தபால் துறையின் முயற்சியால் உருவான 'பாக்சாக்' குறியீட்டு முறை இதற்கு அழகியதொரு விடை கண்டது. விநாடிக்கு 512 குறிகள் வீதம் செய்தி செல்லும். முதலில் குறைந்தது 576 குறிகள் கொண்ட முன்னறிவிப்பு. வகுத்துப் பாருங்கள், அது ஒரு விநாடிக்குச் சற்று மிகும். ஆகவே பேஜர் விநாடிக்கு ஒருமுறை கணநேரம் விழித்துப் பார்த்தாலே போதும்; முன்னறிவிப்பு தப்பாது. அதன்பின் வரும் செய்தித் தொகுதியில் எட்டுப் பிரிவுகள் உண்டு. ஒவ்வொரு பேஜரின் எண்ணும் அதற்குரிய பிரிவைக் காட்டிவிடும். தன் பிரிவு எட்டில் ஒன்று. மற்ற ஏழின்போதும் அது உறங்கலாம். வருகைப் பதிவேட்டில் தன் பெயர் வரும் வேளையறிந்து தலை நிமிரும் மாணவனை ஆசிரியர்கள் அறிவோம்.

கைபேசிக்கு வருவோம். 1973 ஏப்ரல் 3ஆம் நாள் மார்ட்டின் கூப்பர் நியூயார்க் வீதியில் நின்று பேசிய மோட்டோரோலா நிறுவனத்தின் மாதிரிக் கருவி ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ளது. ஏறத்தாழ அரைமணி நேரப் பேச்சுக்குப் பத்து மணி நேரம் மின்னூட்ட வேண்டும். 1991 ஜூலை 1ஆம் நாள் பின்லாந்தில் முதல் அழைப்பு நிகழ்ந்த 'ஜி.எஸ்.எம்.' முறையில், பேஜரின் உபாயம் மேலும் செம்மையடைந்தது. கைபேசிகள் குழுக்களாகப் பிரிக்கப்பட்டன. ஒரு குழுவின் முறை, வலையமைப்பின் ஏற்பாட்டுக்கேற்ப ஏறத்தாழ அரை விநாடி முதல் இரண்டு விநாடிக்கு ஒருமுறை வரும்.

ஆனால் பேஜருக்கில்லாத இன்னொரு சுமை கைபேசிக்கு உண்டு. தன் கோபுரத்தைக் கேட்டால் மட்டும் போதாது. உடையவர் நடக்கிறார், பேருந்தில் ஏறுகிறார். பக்கத்துக் கோபுரங்களின் வலிமையையும் அது அளந்துகொண்டே இருக்க வேண்டும். இரவெல்லாம் மேசைமேல் அசையாது கிடக்கும் கருவியும், விரைவு ரயிலில் ஓடும் கருவியும் ஒரே அளவில் அளந்துகொண்டிருப்பது அறிவுடைமையா? இங்கேதான் நிலைமையறிந்து செவிசாய்க்கும் முறை பிறந்தது. மூன்றாம் தலைமுறை வலையமைப்பில், தன் கோபுரத்தின் குறி ஓர் எல்லைக்கு மேல் வலுவாயிருந்தால் அண்டைக் கோபுரங்களை அளவாது விடலாம் என்ற விதி இருந்தது. 2009இல் ஸ்டாக்ஹோமிலும் ஆஸ்லோவிலும் வணிகச் சேவைக்கு வந்த நான்காம் தலைமுறையில், குறித்த காலத்துள் எத்தனை கோபுரம் மாறினோம் என்று கருவியே எண்ணித் தன் வேகத்தைச் சாதாரணம், நடுத்தரம், மிகுதி என வகுத்துக்கொள்ளும். 2020இல் முடிவான ஐந்தாம் தலைமுறைத் தர விதிகளோ, அசையாத கருவியும் கோபுரத்தின் எல்லையோரத்தில் இல்லாத கருவியும் அளவீட்டைத் தளர்த்திக்கொள்ள இடமளித்தன. குறி மெலிந்த சிற்றூரில் பாட்டரி விரைந்து தீர்வதன் காரணமும் இப்போது விளங்கும்: அங்கே இந்தச் சலுகைகள் கிட்டா, கருவி கோபுரத்தைத் தேடிக்கொண்டேயிருக்கும், பேசும்போது உரத்தும் பேச வேண்டும்.

துயிலுக்கு விலையும் உண்டு. நீர்மானி போன்ற எளிய கருவிகளுக்கென 2016இல் வகுத்த முறையில் ஏறத்தாழ மூன்று மணி நேரம் வரை தொடர்ந்து உறங்கலாம். அக்கருவி தானாகப் பேச விரும்பினால் எந்நேரமும் விழிக்கலாம். ஆனால் பிறர் அதனை அழைத்தால் அதன் முறை வரும் வரை காத்திருக்க வேண்டும். நீரளவு மூன்று மணி நேரம் பிந்தினால் குடி முழுகாது. எரிவாயுக் குழாயை மூடு என்று ஆணையிட வேண்டிய கருவியை அவ்விதம் உறங்கவிடலாமா? அங்கே பாட்டரிச் சிக்கனம் பேசுவது பொறுப்பின்மை.

கடலின் மௌன நேரங்கள், செயற்கைக்கோள்களைத் துணைகொண்ட புதிய அபாய அறிவிப்பு முறை 1999 பிப்ரவரி 1ஆம் நாள் முழுமையாக நடைமுறைக்கு வந்ததும் ஓய்ந்தன. அந்த எச்சரிக்கை மணியின் கருத்தோ கைபேசியினுள் புகுந்திருக்கிறது. முதன்மைக் காதை உறங்கவிட்டு, மிகச் சொற்ப மின்சாரத்தில் காவல் நிற்கும் சிறு காது ஒன்றை ஐந்தாம் தலைமுறையின் அண்மைக்கால விதிகள் வகுத்துள்ளன. அது செய்தி எதையும் அறியாது. முன்குறித்த எளிய குறி ஒன்றை மட்டும் உணர்ந்து பெரிய காதைத் தட்டி எழுப்பும். அச்சிறு காதுக்குக் கூர்மை குறைவு. ஆதலால் கோபுரத்தின் குறி மெலியும் இடத்தில் அதை நம்பாமல், கைபேசி மீண்டும் தானே விழித்து விழித்துப் பார்க்கும் பழைய முறைக்குத் திரும்பிவிடுகிறது.