கிட் பேக் எவ்ளோ பெருசா இருக்கணும்? ஒரு பையோட 250 வருஷக் கதை

போன எபிசோடுக்கு அப்புறம் வந்த வாய்ஸ் நோட்ஸ்ல ஒண்ணு என்னை ஒரு வாரமா விடவே இல்ல. ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணா, இவ்ளோ நாள் டென்னிஸ் பால்தான் ஆடிட்டு இருந்தேன். இப்போ ஆபீஸ் டீம்ல ஸ்டிச் பால் மேட்சுக்குக் கூப்பிடுறாங்க. கிட் பேக் வாங்கணும். கடையில முதுகுல மாட்டுற சைஸ்லயும் இருக்கு, ஒரு ஆளே உள்ள படுத்துக்கலாம்ங்கிற சைஸ்லயும் இருக்கு. எது வாங்குறது?"

ரெண்டு வரியில பதில் சொல்லிட்டுப் போயிருக்கலாம். ஆனா பதில் டைப் பண்ணும்போதுதான் யோசிச்சேன், இந்தப் பை ஏன் இந்த சைஸ்ல இருக்கு? யார் முடிவு பண்ணாங்க? தோண்டத் தோண்ட ஒரு விஷயம் புரிஞ்சுது. பையோட நீளம் 1835-லயே முடிவாகிடுச்சு. பையோட அகலம் மட்டும் இன்னைக்கு வரைக்கும் ஏறிட்டே இருக்கு. அகலம் ஏன் ஏறுச்சுன்னு பார்த்தா, கிரிக்கெட்டை யார் ஆடலாம், யார் ஆட முடியாதுங்கிற கதைக்குள்ள போயிடுறோம். இன்னைக்கு அந்தக் கதைதான்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சின்ன விளக்கம். இந்த எழுத்து வடிவத்துல 'பேட்'னா அடிக்கிற மட்டை. 'பேடு'ன்னா கால்ல கட்டுறது. கேக்கும்போது பிரச்சினை இல்ல, படிக்கும்போது குழம்பும்.

நீளம்: மட்டை போட்ட கணக்கு

1771. இங்கிலாந்துல செர்ட்சி டீமுக்கும் ஹாம்பிள்டன் டீமுக்கும் மேட்ச். செர்ட்சி பக்கம் தாமஸ் ஒயிட்னு ஒருத்தர் ஸ்டம்ப் மொத்தத்தையும் மறைக்கிற அகலத்துல ஒரு பேட்டைத் தூக்கிட்டு வந்துட்டார். அப்போ பேட்டோட அகலத்துக்கு விதியே கிடையாது. யோசிச்சுப் பாருங்க, எந்தப் பந்து வந்தாலும் போல்டு ஆக வாய்ப்பே இல்ல! விதியில இருந்த ஓட்டையை அழகா கண்டுபிடிச்சிருக்கார் மனுஷன். ஹாம்பிள்டன் ஆளுங்க கொதிச்சுப் போயிட்டாங்க. அதோட விளைவுதான் பேட் அகலம் நாலேகால் அங்குலத்தைத் தாண்டக் கூடாதுங்கிற விதி. இன்னைக்கும் அதே அளவுதான், 10.8 செ.மீ.

நீளத்துக்கான விதி வர இன்னும் அறுபது வருஷத்துக்கு மேல ஆச்சு. 1835-ல 38 அங்குலம்னு நிர்ணயிச்சாங்க. அதாவது 96.5 செ.மீ. அதுவும் இன்னைக்கு வரைக்கும் மாறல. பெரியவங்க ஆடுற ஷார்ட் ஹேண்டில் பேட் 85 செ.மீ. பக்கத்துல வரும். லாங் ஹேண்டில் அதைவிடக் கொஞ்சம் நீளம். அதனால உலகத்துல எந்த மூலையில கிட் பேக் தைச்சாலும் அதை ஒரு மீட்டரை ஒட்டித்தான் தைச்சாகணும். கிட் பேக் மத்த எந்தப் பை மாதிரியும் இல்லாம ஒல்லியா நீளமா இருக்கிறதுக்குக் காரணம் இதுதான்.

அகலம்: பந்து வேகமான கதை

ஆரம்ப காலத்துல பந்தைக் கையைத் தாழ்த்தி அண்டர்ஆர்ம்லதான் போட்டாங்க. பேடு கிடையாது, கிளவுஸ் கிடையாது. சர்ரேக்காக ஆடின ராபர்ட் ராபின்சன்னு ஒருத்தர் கால்ல பலகையைக் கட்டிட்டு வந்து பார்த்தார். பந்து பட்டதும் 'டொக்'னு சத்தம். எல்லாரும் சிரிச்சே அதைக் கழட்ட வெச்சுட்டாங்க. அடி பட்டாலும் பரவாயில்ல, பாதுகாப்புத் தேடுறது கேவலம்னு நினைச்ச காலம் அது.

அப்புறம் பௌலருங்க கையை உயர்த்த ஆரம்பிச்சாங்க. அதே 1835-ல, தோள் உயரம் வரைக்கும் கையைக் கொண்டு போற ரவுண்ட்ஆர்ம் பௌலிங்கை எம்.சி.சி. சட்டபூர்வமாக்குச்சு. அடுத்த வருஷமே அதோட விலை தெரிஞ்சுது. 1836-ல லெஸ்டர்ல வடக்கு அணிக்கும் தெற்கு அணிக்கும் மேட்ச். தெற்குக்கு ஆடினவர் ஆல்ஃபிரட் மின், மலை மாதிரி ஆள். பேடு இல்லாம சாம் ரெட்கேட்டோட வேகப்பந்தைத் திரும்பத் திரும்பக் கால்ல வாங்கி, 125 நாட் அவுட் அடிச்சார். கால் எந்த அளவுக்கு நாசமாச்சுன்னா, அவரால குதிரை வண்டிக்குள்ள உக்கார முடியல. வண்டிக் கூரை மேல படுக்க வெச்சு லண்டனுக்குக் கொண்டு போனாங்க. காலையே எடுத்துடலாமான்னு டாக்டருங்க யோசிக்கிற நிலைமை. நல்லவேளை, எடுக்கல.

அதுக்கப்புறம் பேடு போட்டவனைப் பார்த்துச் சிரிக்கிறவங்க எண்ணிக்கை குறைஞ்சுது. மின்னோட சக ஆட்டக்காரர் ஒருத்தர், ஃபெலிக்ஸ்ங்கிற பேர்ல ஆடினவர், அடிப்படையில ஸ்கூல் வாத்தியார். ரப்பர் குழாய் வெச்ச பேட்டிங் கிளவுஸை அவர் உருவாக்கினார். 1864-ல கையைத் தலைக்கு மேல தூக்கிப் போடுற ஓவர்ஆர்முக்கும் அனுமதி கிடைச்சுது. ஒரு பேட்டைத் தோள்ல சாய்ச்சுட்டு நடந்து போன மனுஷனுக்கு இப்போ பேட், ஒரு ஜோடி பேடு, ஒரு ஜோடி கிளவுஸ் எல்லாத்தையும் தூக்கிட்டுப் போக ஒரு பை தேவைப்பட்டுச்சு.

அது யாரோட பை?

இங்கதான் எனக்குப் பிடிச்ச பகுதி வருது.

இங்கிலாந்துல 1806-ல இருந்து 1962 வரைக்கும் 'ஜென்டில்மென் வெர்சஸ் பிளேயர்ஸ்'னு ஒரு மேட்ச் நடந்துச்சு. ஜென்டில்மென்னா அமெச்சூர், காசு வாங்காம ஆடுறவங்க. பிளேயர்ஸ்னா சம்பளத்துக்கு ஆடுறவங்க. ரெண்டு பேருக்கும் தனித்தனி டிரெஸ்ஸிங் ரூம், மைதானத்துக்குள்ள வரத் தனித்தனி கேட். அமெச்சூர்ங்கிற வார்த்தையை நாம இன்னைக்கு 'சும்மா ஜாலிக்கு ஆடுறவன்'ங்கிற அர்த்தத்துல சொல்றோம். அன்னைக்கு அது ஒரு அந்தஸ்து. காசுக்காக ஆடாம இருக்கணும்னா முதல்ல கையில காசு இருக்கணும் இல்லையா?

அப்போ காசு இல்லாதவன் ஜாலிக்கு ஆடணும்னா? அதுக்கான விடைதான் கிளப் பேக். டீமுக்கு ஒரே ஒரு பெரிய கேன்வாஸ் பை, எல்லாரோட சாமானும் அதுக்குள்ள. நம்ம ஊர்லயும் பல ஸ்கூல்ல பி.டி. ரூம் மூலையில இப்படி ஒரு பை கிடக்கும். அதைத் திறந்தா வர்ற வாசனையை நான் சொல்ல வேண்டியதில்ல.

இதை ஒரு சாஃப்ட்வேர் ஆளா பார்த்தா, அசந்துடுவேன். டீம்ல 11 பேர். ஆனா 11 செட் பேடு எதுக்கு? களத்துல ரெண்டு பேர், அடுத்து இறங்கப் பேடு கட்டி உக்காந்திருக்கிறவங்க ரெண்டு பேர். நாலு செட் போதும். அவுட் ஆனவன் வெளிய வந்து கழட்டுவான், ஏழாவது ஆள் எடுத்துக் கட்டுவான். சர்வர்ல கனெக்ஷன் பூல்னு ஒண்ணு வெச்சிருப்போம் தெரியுமா? ஆயிரம் யூசருக்கு ஆயிரம் கனெக்ஷன் திறக்க மாட்டோம். கொஞ்சமா திறந்து வெச்சு, முடிச்சவன்கிட்ட இருந்து வாங்கி அடுத்தவனுக்குக் கொடுப்போம். கிளப் பேக் செஞ்சது அதேதான். பை பெருசு, ஆனா ஒரு ஆளோட செலவு ரொம்பச் சின்னது. ஷூ மட்டும் இருந்தா போதும், நீ ஆடலாம்.

பூல் உடைஞ்ச இடம்: ஹெல்மெட்

1962 மார்ச். வெஸ்ட் இண்டீஸ் போயிருந்த இந்திய கேப்டன் நரி கான்ட்ராக்டர், பார்படோஸ் அணிக்கு எதிரா பிரிட்ஜ்டவுன்ல ஆடினார். சார்லி கிரிஃபித் போட்ட பந்து தலையில பட்டு மண்டை ஓடு உடைஞ்சுது. உயிருக்கே போராட்டம். எதிரணி நாட்டோட கேப்டன் ஃபிராங்க் வொரெல் அவருக்காக ரத்தம் கொடுத்தார். உயிர் பிழைச்ச கான்ட்ராக்டருக்குப் பின்னாடி நம்ம வேலூர்ல தலையில உலோகத் தகடு பொருத்தினாங்க. அதை வெளிய எடுத்தது 2022-லதான்.

அதே பிரிட்ஜ்டவுன் மைதானம், சரியா 16 வருஷம் கழிச்சு, 1978 மார்ச். ஆஸ்திரேலியாவோட கிரஹாம் யாலப் ஹெல்மெட் போட்டுட்டு இறங்கினார். டெஸ்ட் மேட்ச்ல ஹெல்மெட் போட்ட முதல் ஆள் அவர்தான். கூட்டம் கிண்டல் பண்ணுச்சு. ராபின்சனோட பலகை ஞாபகம் வருதா? ஆனா இந்த முறை கிண்டல் ரொம்ப நாள் நிக்கல. 2014-ல ஃபிலிப் ஹியூஸ் கழுத்துல பந்து பட்டு இறந்த பிறகு, ஹெல்மெட்டுக்குப் பின்னாடி கழுத்துக் காப்பும் சேர்ந்துச்சு.

ஹெல்மெட் வந்ததும் பையோட கணக்கே மாறிடுச்சு. பேடை அடுக்கலாம், கிளவுஸை இடுக்குல சொருகலாம். ஹெல்மெட்டை மடிக்கவும் முடியாது, நசுக்கவும் முடியாது. அதைவிட முக்கியம், ஹெல்மெட்டைப் பகிர்ந்துக்கிறது கஷ்டம். தலை அளவு ஆளுக்கு ஆள் மாறும். லூசான ஹெல்மெட் காப்பாத்தாது. பட்டை சரியில்லன்னா என்ன ஆகும்னு 2023 உலகக் கோப்பையில பார்த்தோம். டெல்லியில பங்களாதேஷுக்கு எதிரா இறங்கின இலங்கையோட ஏஞ்சலோ மேத்யூஸுக்கு ஹெல்மெட் பட்டை அறுந்து, மாத்துறதுக்குள்ள நேரம் முடிஞ்சு 'டைம்டு அவுட்'. சர்வதேச கிரிக்கெட்ல அப்படி அவுட் ஆன முதல் ஆள்.

அப்படியே ஒவ்வொண்ணா தனி ஆளோட சொத்தா மாறுச்சு. பஞ்சும் பிரம்பும் வெச்ச கனமான பேடு போய் ஃபோம் பேடு வந்துச்சு. எடை குறைஞ்சுது, ஆனா பருமன் ஏறுச்சு. பக்கிள் போய் வெல்க்ரோ வந்துச்சு. தை பேடு, ஆர்ம் கார்டு, செஸ்ட் கார்டுன்னு லிஸ்ட் நீண்டுச்சு. இன்னொரு பக்கம், பெட்டியில சக்கரம் வைக்கிற யோசனைக்கு பெர்னார்ட் சாடோங்கிற அமெரிக்கர் 1972-ல பேட்டன்ட் வாங்கியிருந்தார். பின்னாடி கிட் பேக்குக்கும் சக்கரம் வந்துச்சு. சக்கரம் வந்தா தூக்கிப் பார்த்து 'போதும்'னு சொல்ற கையே இல்ல, பை வளர்ந்துட்டே போகும். புரொஃபஷனலுங்க வெச்சிருக்கிற கெட்டியான பெரிய பெட்டிக்கு கிரிக்கெட் உலகத்துல என்ன பேர் தெரியுமா? 'காஃபின்', அதாவது சவப்பெட்டி. நம்ம தம்பி 'ஒரு ஆள் படுத்துக்கலாம்'னு சொன்னது தப்பே இல்ல.

சரி, எது வாங்குறது?

முதல் கேள்வி, கிரவுண்டுக்கு எப்படிப் போறீங்க? பைக்னா முதுகுல நேரா நிக்கிற டஃபிள் பேக். சக்கரம் வெச்ச பையை பைக்ல குறுக்க வெச்சா பின்னாடி வர்றவனுக்குத்தான் ஆபத்து. லோக்கல் டிரெயின், பஸ்னாலும் டஃபிள்தான். படிக்கட்டுல சக்கரம் உதவாது. கார் இருந்தா சக்கரப் பை. ஆனா டிக்கியை அளந்துட்டு வாங்குங்க. அப்புறம், கடைக்கு உங்க பேட்டைக் கையோட எடுத்துட்டுப் போங்க. உள்ள வெச்சு ஜிப் இழுத்துப் பாருங்க. பேடும் ஹெல்மெட்டும் வெச்ச பிறகும் ஜிப் திணறாம மூடினா, அதுதான் உங்க சைஸ்.

ரெண்டாவது கேள்விதான் முக்கியம். உங்க டீம்ல பொதுப் பை இருக்கா?

எங்க ஞாயித்துக்கிழமை டீம்ல இந்த சீசன் ஆரம்பத்துல ஒரு பேச்சு வந்துச்சு. "சொந்த கிட் இருக்கிறவங்க மட்டும் பேட்டிங் இறங்கலாம், பொதுப் பையைத் தூக்குறது தொல்லை." சொன்னவர் நியாயமாத்தான் சொன்னார். ஒவ்வொரு வாரமும் அவர் கார்லதான் அந்தப் பை போகுது. ஆனா எங்க டீம்லயே வேகமா பந்து போடுறவர் கேப் ஓட்டுறார். அவர்கிட்ட இருக்கிறது ஷூ மட்டும்தான். ஒரு நல்ல இங்கிலிஷ் வில்லோ பேட்டுக்கே பல ஆயிரம் ஆகும். அந்த விதி வந்திருந்தா அவருக்கு ஒரு கேட், எங்களுக்கு ஒரு கேட். 1962-ல மூடின கேட்டை நாம எதுக்குங்க திரும்பத் திறக்கணும்?

நிறைய பேசி, இப்படி முடிவு பண்ணோம். உடம்போட ஒட்டுறது, அளவு முக்கியமானது எல்லாம் சொந்தம். அதாவது ஹெல்மெட், இன்னர் கிளவுஸ், முக்கியமா அப்டமன் கார்டு. அதைப் பகிர்ந்துக்கிற காலம் முடியட்டும் சாமி, கையெடுத்துக் கும்பிடுறேன். பேடு, பேட், கீப்பிங் கிட் எல்லாம் பொதுப் பையில. ஹெல்மெட் வாங்க முடியாதவங்களுக்கு டீம் காசுல அவங்க தலை அளவுக்கு வாங்கிக் கொடுக்கிறோம். பொதுப் பையை வாரம் ஒருத்தர் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறோம், ரோஸ்டர் போட்டு. அந்த கேப் ஓட்டுறவர் இப்போ ஆறாவது இறங்குறார். நல்லா அடிக்கிறார்.

அதனால தம்பி, உங்களுக்கு என் பதில் இதுதான். பொதுப் பை இருக்கிற டீம்னா, சின்ன டஃபிள் பேக் போதும். இல்லாத டீம்னா, ஆளுக்கு ஆள் பெரிய பை வாங்குறதுக்கு முன்னாடி எல்லாரும் காசு போட்டு ஒரே ஒரு பெரிய பை வாங்க முடியுமான்னு கேட்டுப் பாருங்க. உங்க டீம்ல பொதுப் பை இருக்கா, யார் தூக்குறாங்கன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம், மக்களே.