14-க்கு எதிரே 280: எடைக் குறைப்பு மருந்துகளின் கணக்கு

இந்திய அரசிதழில் 1998, 2009, 2011 ஆகிய ஆண்டுகளில் வெளியான மூன்று அறிவிக்கைகளை அருகருகே வைத்துப் படித்தால் ஒரு சிறு வரலாறு புலப்படும். முதலாவது ஃபென்ஃப்ளூரமின், டெக்ஸ்ஃபென்ஃப்ளூரமின் ஆகியவற்றைத் தடை செய்தது. இரண்டாவது ரிமோனபண்டையும் மூன்றாவது சிபுட்ரமினையும் தடை செய்தன. எல்லாம் உடல் எடையைக் குறைப்பதற்கெனச் சந்தைக்கு வந்தவை. இவற்றுள் ஒன்றுகூட எடையைக் குறைக்கத் தவறியதற்காகத் தடை செய்யப்படவில்லை. உட்கொண்டவர்களின் எடை குறையத்தான் செய்தது.

செமாக்ளூடைடின் இந்தியக் காப்புரிமைக் காலம் 2026 மார்ச்சோடு முடிவுறுகிறது. பணம் படைத்தோரின் பேச்சாக இருந்த அந்த ஊசி நடுத்தர வீடுகளின் பேச்சாகிறது. எடுத்துக்கொள்ளலாமா, வேண்டாமா என்ற கேள்வி மட்டும் புதியதன்று. ஏறத்தாழ நூறு ஆண்டுகளாக அதே கேள்வி கேட்கப்பட்டு, பெரும்பாலும் தவறான தராசில் நிறுக்கப்பட்டு வந்திருக்கிறது.

தராசுக்கு முன்னால் சொல்லைப் பார்க்க வேண்டும். தமிழில் 'கொழுப்பு' என்பது உடலில் சேரும் பொருளையும் குறிக்கும், ஒருவரது திமிரையும் குறிக்கும். 'ஊளைச்சதை' என்ற பழைய சொல்லிலோ இகழ்ச்சி வெளிப்படையாகவே இருக்கிறது. 'உடற்பருமன்' என்பது மருத்துவத்துக்கென வழக்கில் நிலைபெற்ற, ஒப்பளவில் குற்றஞ்சாட்டாத சொல். இந்த வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சியாக நின்றுவிடுவதில்லை. பருமனைக் குணக்கேடு என்று கருதும் சமூகம், அதற்கான மருந்தின் இடரைத் தண்டனையாக எண்ணிப் பொறுத்துக்கொள்ளும். அல்லது மருந்தே சோம்பேறிகளின் குறுக்குவழி என்று தள்ளிவிடும். நோய் என்று கருதினால்தான் பயனையும் இடரையும் எதிரெதிர்த் தட்டுகளில் வைக்கும் பேச்சே எழும். சரக சம்ஹிதை மிகப் பருத்தவரையும் மிக மெலிந்தவரையும் இகழப்படும் எண்வகை உடலினருள் சேர்க்கிறது. அதே மூச்சில், இவ்விருவருள் பருத்தவருக்கு மருத்துவம் செய்வதே கடினம் என்றும் சொல்கிறது. உணவைக் குறைத்தால் வாதம் மிகும், ஊட்டினால் கொழுப்பு மிகும் என்பது அதன் காரணம். இகழ்ச்சியும் சிகிச்சையின் இக்கட்டும் அப்போதே ஒரே இடத்தில் இருந்திருக்கின்றன.

சொல்லின் எல்லை உயிரின் எல்லையாக மாறியதற்கு அமெரிக்காவில் தெளிவான சான்று உண்டு. முதல் உலகப் போரின்போது பிரெஞ்சு வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் டைநைட்ரோபீனாலைக் கையாண்ட தொழிலாளர்கள் மெலிந்தார்கள், வியர்த்தார்கள், காய்ச்சல் கண்டார்கள், சிலர் இறந்தார்கள். 1933-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மாரிஸ் டெய்ன்டரும் வின்ட்சர் கட்டிங்கும் அதே பொருளை எடைக் குறைப்புக்குப் பயன்படுத்தி முடிவுகளை வெளியிட்டனர். செல்களின் ஆற்றல் உற்பத்தியை அது பழுதாக்கும். உணவிலிருந்து கிடைக்கும் ஆற்றல் வேலைக்குப் பயன்படாமல் வெப்பமாக வீணாகும். அளவு மீறினால் உடல் உள்ளிருந்தே வெந்துபோகும், முறிமருந்து கிடையாது. ஓர் ஆண்டுக்குள் ஒரு லட்சம் பேராவது அதை உட்கொண்டிருப்பார்கள் என்று மதிப்பிடப்பட்டது. 1935 முதல் இளம்பெண்களுக்குக் கண்புரை வருவது தெரியவந்தது.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அறிந்தும் தடுக்க இயலாமல் நின்றது. 1906-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நோயைக் குணப்படுத்தவோ தணிக்கவோ தடுக்கவோ பயன்படும் பொருளே 'மருந்து'. பருமன் நோயாகக் கருதப்படவில்லை. ஆகவே மெலிவதற்கான பொருள் மருந்தும் ஆகவில்லை. 1938-ஆம் ஆண்டுச் சட்டம் உடலின் அமைப்பையோ இயக்கத்தையோ மாற்றும் பொருள்களையும் 'மருந்து' என்ற வரையறைக்குள் கொண்டுவந்த பிறகே டைநைட்ரோபீனாலை அகற்ற முடிந்தது. இந்தியாவில் இதற்கு மாறான நிலை. மருந்துகள், மாயத் தீர்வுகள் பற்றிய ஆட்சேபத்துக்குரிய விளம்பரங்களைத் தடுக்கும் 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையில், புற்றுநோய், நீரிழிவு முதலியவற்றோடு பருமனும் இடம்பெற்றது. அதைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வது குற்றம். சட்டம் காகிதத்தில் முந்திக்கொண்டது. பேருந்து நிறுத்தச் சுவரொட்டிகள் அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

போருக்குப் பிந்தைய ஆம்ஃபெட்டமின் காலம் நன்கு அறியப்பட்டது. தைராய்டுச் சத்து, சிறுநீர்ப் போக்கி, ஆம்ஃபெட்டமின் எல்லாம் கலந்த 'வானவில் மாத்திரைகள்' 1960-களின் இறுதிவரை அமெரிக்க மருத்துவ நிலையங்களில் வண்ணம் வண்ணமாக வழங்கப்பட்டன. அதே காலத்தில் ஐரோப்பாவில் அமினோரெக்ஸ் என்ற பசியடக்கி, நுரையீரல் தமனி உயரழுத்தம் என்ற அரிய, கொல்லும் நோயைப் பலருக்குத் தந்தது. பின்னர் வந்த மருந்துகளைப் பற்றிய எச்சரிக்கை அதிலேயே இருந்தது.

1996-இல் அந்த எச்சரிக்கைக்கு எண்வடிவம் கிடைத்தது. ஏப்ரலில் டெக்ஸ்ஃபென்ஃப்ளூரமினுக்கு அமெரிக்கா ஒப்புதல் அளித்திருந்தது. ஆகஸ்டில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான ஐரோப்பிய ஆய்வு, இவ்வகைப் பசியடக்கிகளை மூன்று மாதங்களுக்கு மேல் உட்கொண்டோருக்கு நுரையீரல் தமனி உயரழுத்தத்தின் வாய்ப்பு இருபது மடங்குக்கும் மேலாகக் கூடுவதைக் காட்டியது. அதே இதழின் தலையங்கம், பயன் இடரை விஞ்சுமா என்ற கேள்வியை எழுப்பிக் கணக்கும் போட்டது. பத்து லட்சம் பேர் மருந்தை உட்கொண்டால் 14 பேர் அதனால் இறப்பார்கள். எடை குறைவதால் 280 பேர் காப்பாற்றப்படுவார்கள். ஒன்றுக்கு இருபது. எழுதியவர்களுக்கு மருந்து நிறுவனங்களோடு இருந்த ஆலோசகர் தொடர்பு பின்னர் பெரும் சர்ச்சையானது. ஆனால் அந்தத் தொடர்பைக் காட்டிலும் ஆழமான பழுது கணக்குக்குள்ளேயே இருந்தது.

14 என்பது நோயாளிகளை எண்ணிப் பெற்ற தரவிலிருந்து வந்தது. 280 அப்படி வந்ததன்று. பருமனானவர்கள் கூடுதலாக இறக்கிறார்கள் என்பது மக்கள்தொகை ஆய்வுகள் காட்டிய உண்மை. எனவே எடை குறைந்தவர்கள் அந்த அளவுக்குக் குறைவாக இறப்பார்கள் என்பது அனுமானம். மருந்தால் எடை குறைந்தவர்களையும் குறையாதவர்களையும் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து, யார் இறந்தார்கள் என்று பார்த்தவர் எவருமில்லை. எண்ணிய இழப்புக்கு எதிராக எண்ணாத ஆதாயத்தை வைத்த அந்தத் தராசில் மூன்றாவதாக ஒன்று வைக்கப்படவே இல்லை: இதய வால்வு.

ஃபென்ஃப்ளூரமினையும் ஃபென்டர்மினையும் சேர்த்துத் தரும் வழக்கம் 1992-இல் வெளியான 121 பேர் கொண்ட ஓர் ஆய்வுக்குப் பின் பரவியது. தனித்தனியே ஒப்புதல் பெற்ற இவ்விரண்டின் கூட்டுக்கு எவரும் ஒப்புதல் தந்ததில்லை. ஆயினும் 1996-இல் மட்டும் இம்மருந்துகளுக்கு எழுதப்பட்ட சீட்டுகள் ஒரு கோடியே எண்பது லட்சத்தைத் தாண்டின. வடக்கு டகோட்டாவின் ஃபார்கோ நகரில் இதய எக்கோ எடுத்த ஒரு தொழில்நுட்பப் பணியாளர்தான், இளவயதினரின் வால்வுகள் விந்தையாகத் தடித்திருப்பதையும் அவர்கள் எல்லாரும் ஒரே மாத்திரைகளை உட்கொள்வதையும் சேர்த்துப் பார்த்தார். 1997 ஆகஸ்டில் 24 பெண்களின் நோய்க்குறிப்புகள் அச்சேறின; செப்டம்பர் 15 அன்று ஃபென்ஃப்ளூரமினும் டெக்ஸ்ஃபென்ஃப்ளூரமினும் திரும்பப் பெறப்பட்டன. இந்தியத் தடை அடுத்த ஆண்டே வந்தது.

ரிமோனபண்டின் கதை குறுகியது. மூளையின் கன்னாபினாய்டு ஏற்பிகளை அடைத்துப் பசியைக் குறைத்தது. கூடவே மனச்சோர்வையும் தற்கொலை எண்ணத்தையும் தூண்டியது. 2007-இல் அமெரிக்க ஆலோசனைக் குழு அதை ஏற்கவில்லை. 2008-இல் ஐரோப்பா நிறுத்திவைத்தது. இந்தியாவில் 2009 டிசம்பர்வரை தடையில்லை.

சிபுட்ரமினில்தான் கேள்வி முதன்முறையாகச் சரியாகக் கேட்கப்பட்டது. எடை எவ்வளவு குறைகிறது என்பதை விட்டுவிட்டு, மாரடைப்பும் பக்கவாதமும் இறப்பும் குறைகின்றனவா என்று கேட்டது 'ஸ்கௌட்' ஆய்வு. ஏறத்தாழ 9,800 பேர். அனைவரும் 55 வயதைக் கடந்தவர்கள், இதயநோயோ நீரிழிவோ உடையவர்கள். 2010-இல் முடிவு வந்தது. மருந்து பெற்றவர்களில் 11.4 விழுக்காட்டினருக்கும், மருந்துப்போலி பெற்றவர்களில் 10 விழுக்காட்டினருக்கும் அந்தக் கேடுகள் நேர்ந்தன. எடை குறைந்தது, மாரடைப்பு கூடியது. எடை குறைந்தாலே இதயம் பிழைக்கும் என்ற 280-இன் தர்க்கம் அங்கே முறிந்தது. இதய நோயாளிகளுக்குத் தரக்கூடாது என்று முன்பே விதித்திருந்த மருந்தை அவர்களிடமே சோதித்தது நியாயமா என்ற மறுப்பும் எழுந்தது. அதில் பொருள் உண்டு. ஆனால் பருமனால் மிகுதியாக ஆபத்துக்குள்ளானவருக்கே ஆகாத மருந்து வேறு யாருக்காக என்ற கேள்விக்கு மறுத்தவர்களிடம் வலுவான விடை இல்லை. 2011 பிப்ரவரியில் இந்திய அரசும் தடை விதித்தது.

இன்றைய ஊசிகளை இந்த வரிசையில் இன்னொன்றாக எண்ணி ஒதுக்குவோர் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். இவற்றின் வேர் நீரிழிவு ஆராய்ச்சியில் இருக்கிறது. குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 என்ற இயக்குநீர் இரண்டொரு நிமிடங்களில் சிதைந்துவிடும். கீலா என்ற அமெரிக்கப் பாலைப் பல்லியின் நஞ்சில், அதையொத்த, ஆனால் நீடித்து நிற்கும் எக்ஸென்டின்-4 என்ற பொருளை 1992-இல் ஜான் எங் கண்டறிந்தார். அதிலிருந்து 2005-இல் எக்ஸெனடைட் வந்தது. மனித இயக்குநீரையே நீடித்திருக்குமாறு மாற்றியமைத்த லிராக்ளூடைடும் செமாக்ளூடைடும் பின்னர் வந்தன. செமாக்ளூடைடு பருமனுக்கென 2021-இல் ஒப்புதல் பெறும்போதே இம்மருந்துவகைக்கு நீரிழிவு நோயாளிகளிடம் பதினைந்தாண்டுக்கும் மேற்பட்ட அனுபவம் இருந்தது. முந்தையவற்றுள் எதற்கும் இப்படியொரு முன்வரலாறு இல்லை.

2023-இல் 'செலக்ட்' ஆய்வு, ஸ்கௌட் கேட்ட அதே வகைக் கேள்வியை 17,604 பேரிடம் கேட்டது: 45 வயதைக் கடந்தவர்கள், இதயநோய் உடையவர்கள், மிகுஎடையோ பருமனோ உடையவர்கள், நீரிழிவு இல்லாதவர்கள். மூன்றாண்டுக்கும் சற்று மேற்பட்ட காலத்தில், மருந்துப்போலி பெற்றவர்களில் 8 விழுக்காட்டினருக்கும் செமாக்ளூடைடு பெற்றவர்களில் 6.5 விழுக்காட்டினருக்கும் மாரடைப்போ பக்கவாதமோ இதய மரணமோ நேர்ந்தது. செய்தித்தாள்கள் 20 விழுக்காடு குறைவு என்று எழுதின, அது சரிதான். நூறு பேருக்கு ஒன்றரைப் பேர் என்று எழுதினாலும் சரிதான். பயன் எண்ணியே பெறப்பட்டது என்பதே இங்கு பெரிய மாற்றம். ஆனால் அது யாரிடம் எண்ணப்பட்டதோ அவர்களுக்குரியது. இதயநோய் இல்லாத முப்பது வயதுப் பெண் திருமணத்துக்கு முன் எட்டு கிலோ குறைக்க விரும்பினால், செலக்ட் அவருக்கு எதையும் சொல்லவில்லை. அவரளவில் நாம் மீண்டும் 280-இன் அனுமானத்தில்தான் நிற்கிறோம்.

இடர்த் தட்டும் வெறுமையாக இல்லை. செலக்டில் பக்கவிளைவுகளால் மருந்தை நிறுத்தியோர் 16.6 விழுக்காடு, மருந்துப்போலிப் பிரிவில் 8.2. குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு மிகுதி, பித்தக்கற்கள் கூடும், கணைய அழற்சி அரிதாக நேரும். பார்வை நரம்புக்குக் குருதி தடைபட்டுக் கண்ணொளி குன்றும் நிலையை, பத்தாயிரத்தில் ஒருவர்வரை பாதிக்கக்கூடிய மிக அரிய பக்கவிளைவாக ஐரோப்பிய மருந்து முகமை 2025 ஜூனில் ஏற்றது. மருந்தை நிறுத்தினால் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஓராண்டுக்குள் திரும்பியதை 'ஸ்டெப்-1' ஆய்வின் தொடர்ச்சி காட்டியது. ஆகவே ஆறு மாத விலையைக் கணக்கிடுவதில் பொருளில்லை. இரத்த அழுத்த மாத்திரைக்குப் போல நீண்டகாலக் கணக்கே தேவை. பாதியில் கைவிடக் காரணமாகும் வறுமையும் ஓர் இடரே. அதை மருந்துறையில் அச்சிட முடியாது.

இந்திய உடலுக்குத் தனிக் கவலை ஒன்றுண்டு. புனேயின் சித்தரஞ்சன் யாஜ்னிக் பல பத்தாண்டுகளாகக் காட்டிவரும் 'மெலிந்த பருமன்' அது: தோற்றத்தில் ஒல்லி, உள்ளே கொழுப்பு மிகுதி, தசை குறைவு. இதனால்தான் 2009-ஆம் ஆண்டின் இந்திய இணக்க அறிக்கை, பருமனின் எல்லையை உடல் நிறைக் குறியீட்டெண் 30-இலிருந்து 25-க்கு இறக்கியது. செலக்டில் பங்கேற்றோருள் பெரும்பான்மையர் வெள்ளையர். ஊசியால் குறையும் எடையில் ஒரு பகுதி தசை. தசை முன்பே குறைந்த உடலில் அந்தப் பகுதிக்கு விலை கூடும். எடைக்கருவி இரண்டையும் பிரித்துக் காட்டாது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் இந்தியப் பெண்களில் 24 விழுக்காட்டினர் மிகுஎடையுடையோர், 18.7 விழுக்காட்டினர் எடை குறைந்தோர். தமிழ்நாட்டில் மிகுஎடைப் பெண்கள் 40.4 விழுக்காடு. மருந்து தேவைப்படும் பெருங்கூட்டம் உண்மையாகவே இருக்கிறது என்பதை இந்த எண்கள் மறுக்கவிடவில்லை. முழங்கால் தேய்ந்து, சர்க்கரை ஏறி, உறக்கத்தில் மூச்சு தடைபடும் ஒருவரிடம் 'நடைப்பயிற்சி செய்யுங்கள்' என்று மட்டும் சொல்லி அனுப்புவதும் இடர்மிக்க முடிவே. அதன் கேடு எந்த அரசிதழிலும் வெளியாவதில்லை.

அந்தத் தேவைக்காரருக்கு மருந்து செல்லும் வழியில்தான் இனி கவனம் வேண்டும். இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் 2010-இல் தொடங்கியது. மருத்துவமனைகள் எழுதியனுப்பும் பக்கவிளைவு அறிக்கைகளே அதன் கண்கள். ஃபார்கோவில் வால்வையும் மாத்திரையையும் ஒருவர் இணைத்துப் பார்க்க முடிந்ததற்குக் காரணம், நோயாளி என்ன உட்கொள்கிறார் என்பது தெரிந்திருந்ததுதான். சீட்டில்லாமல் மருந்துக்கடையிலோ உடற்பயிற்சிக் கூடத்திலோ அழகு நிலையத்திலோ போட்டுக்கொண்ட ஊசிக்குப் பின், தாளாத வயிற்றுவலியோடு ஒருவர் அவசரப் பிரிவில் சேர்க்கப்படும்போது, கோப்பில் அந்த ஊசியின் பெயர் ஏறுமா என்பது அவர் அதை வெளியே சொல்லக் கூசுகிறாரா இல்லையா என்பதைப் பொறுத்தே இருக்கிறது.