புகைபோக்கியில் பிடித்த வாயு எங்கே போனது?

நிலக்கரி எரிந்தால் எரியட்டும், வர்ற கரியமில வாயுவைப் பிடிச்சு மண்ணுக்கடியில் புதைச்சிடலாம் என்று யாராவது சொன்னால், இந்தக் கதையைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

முதலில் கொஞ்சம் உடலியல். டாக்டரிடம் மாட்டிக்கொண்டீர்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனை மட்டும் சுமப்பதில்லை. உடலில் உண்டாகும் கரியமில வாயுவில் ஒரு பகுதியைத் தன் அமினோ முனைகளில் பிடித்துக்கொண்டு வந்து நுரையீரலில் இறக்கிவிடுகிறது. அனல் மின் நிலையப் புகையிலிருந்து வாயுவைப் பிடிக்கும் அமீன் கரைசல் செய்வதும் கிட்டத்தட்ட இதே வேதியியல்தான்.

ஆனால் நுரையீரலில் ஆக்சிஜன் வந்து சேர்ந்தாலே ஹீமோகுளோபின் பிடியைத் தளர்த்திவிடும். அமீன் லேசில் விடாது. 100 டிகிரிக்கு மேல் சூடாக்கணும். அதற்கான நீராவி எங்கிருந்து வரும்? பெரும்பாலும் டர்பைனைச் சுற்ற வேண்டிய நீராவியிலிருந்துதான். அந்த அளவுக்கு மின்சாரம் குறையும்.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1930-லேயே அமெரிக்காவில் ராபர்ட் பாட்டம்ஸ் இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். அவர் நோக்கம் வாயுக் கலவைகளைச் சுத்தம் செய்வது. மண்ணுக்குள் செலுத்துவதும் பழசுதான். 1972-ல் டெக்சாஸில், பாறையில் ஒட்டிக்கிடந்த எண்ணெயை இளக்கி வெளியே தள்ள கரியமில வாயுவை உள்ளே விட்டார்கள்.

வாயு காற்றில் கலக்கக் கூடாது என்றே கடலடிப் பாறையில் புதைக்கத் தொடங்கியது நார்வே. 1996, ஸ்லைப்னர் எரிவாயு வயல். காரணம், 1991-ல் அந்நாட்டு அரசு போட்ட கார்பன் வரி. இன்னொன்று, எரிவாயுவை விற்க வேண்டுமென்றால் அந்த வாயுவை எப்படியும் பிரித்தே ஆகணும்.

நிலக்கரிக்கு அந்த வசதி இல்லை. 2014 அக்டோபரில்தான் கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில் பவுண்டரி டேம் மின் நிலையத்தின் மூன்றாவது அலகு இதை வணிக அளவில் முதன்முதலாகத் தொடங்கியது. நம்ம நெய்வேலி போல அங்கேயும் பழுப்பு நிலக்கரி. 100 கோடி கனடிய டாலருக்கு மேல் செலவு. இலக்கு ஆண்டுக்கு 10 லட்சம் டன். முழுதாக ஓடிய முதல் ஆண்டான 2015-ல் அதில் பாதிகூடப் பிடிக்கவில்லை. புகையில் வந்த நுண்சாம்பல் அமீனைக் கெடுத்தது. 2021-ல் கம்ப்ரஸர் பழுதாகி மாதக்கணக்கில் நின்றது.

சரி, பிடித்த வாயு எங்கே போனது? ஒரு சிறு பங்கு பக்கத்தில் ஆழமான பாறையில் புதைக்கப்பட்டது. பெரும்பகுதி எண்ணெய்க் கம்பெனிக்கு விற்பனை, அங்கே அது இன்னும் கொஞ்சம் எண்ணெயை வெளியே தள்ளியது.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது 2018-ல் நடந்தது. அதே நிறுவனம், அதே வளாகத்தில் இருந்த நான்காவது, ஐந்தாவது அலகுகளுக்கு இந்தக் கருவி வைக்கப் போவதில்லை என்று அறிவித்தது. செய்து பார்த்தவர்களே வேண்டாம் என்றார்கள்.

டெக்சாஸில் 2017-ல் தொடங்கிய பெட்ரா நோவா இன்னும் வெளிப்படை. எண்ணெய் விலை சரிந்ததும் 2020 மே மாதம் மூடினார்கள். மீண்டும் திறந்தது 2023-ல். இடைப்பட்ட காலத்தில் மின் நிலையம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

தூத்துக்குடியும் இந்தக் கதையில் உண்டு. 2016-ல் அங்கே ஒரு ரசாயன ஆலையின் நிலக்கரிக் கொதிகலனில் அரசு மானியம் இல்லாமலே வாயுவைப் பிடித்தார்கள், ஆண்டுக்கு 60,000 டன் இலக்கு. அதை வைத்து சோடா ஆஷ் தயாரித்தார்கள். நல்ல பொறியியல், மறுக்கவில்லை. ஆனால் அந்த சோடா ஆஷைக் கண்ணாடி உலையில் போட்டால் வாயு மறுபடி வெளியே வந்துவிடும்.

இப்போது நுரையீரல் விஷயத்துக்கு வருகிறேன். கந்தக டை ஆக்சைடு அமீனைக் கெடுக்கும், அதனால் முதலில் கந்தகத்தை நீக்கியே ஆகணும். ஆஸ்துமா நோயாளிக்கும் அதே வாயுதான் எதிரி. இந்திய அனல் மின் நிலையங்களுக்குக் கந்தக வரம்பு விதித்தது 2015-ல். கெடு தள்ளிக்கொண்டே போனது. 2025 ஜூலையில் பெரும்பாலான அலகுகளுக்கு அதற்கான கருவியே கட்டாயமில்லை என்று விலக்கு வந்தது. நம் நிலக்கரியில் கந்தகம் குறைவு என்பது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது.

ஆகவே, இங்கே கார்பன் பிடிப்பு வருகிறது என்று அடுத்த செய்தி வரும்போது, அந்த மின் நிலையத்தில் கந்தகத்தை நீக்கும் கருவி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.